கார்டு இல்லனா ஓட்டு இல்லைனு கேட்லயே சொல்லி அனுப்பாதீங்க: பூத் டியூட்டிக்கு வர்ற டீச்சர், சார், போலீஸ்காரங்களுக்கு ஒரு மடல்

அடுத்த தேர்தல், அது எந்த தேர்தலா வேணா இருக்கட்டும், அதுக்கு கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் டியூட்டி போட்டு வரப்போற டீச்சருங்க, சாருங்க, கேட்ல நிக்கப்போற போலீஸ்காரங்க எல்லாருக்கும் வணக்கம்.

முதல்லயே சொல்லிடறேன், உங்க மேல கோவம்லாம் இல்ல. எங்க சித்தி பொண்ணும் டீச்சர் தான், எலெக்ஷன் டியூட்டினா இன்னானு அவ சொல்லி சொல்லியே எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. முந்தின நாளே மிஷின் பொட்டி, பேப்பர் கட்டு எல்லாம் கணக்குப் பாத்து வாங்கிக்கினு, முன்ன பின்ன தெரியாத ஸ்கூல்ல பெஞ்சு ரெண்டை சேர்த்துப் போட்டு படுத்து, கொசு கடியில தூங்காம, காலையில நாலரைக்கு பாத்ரூம் தேடி, அஞ்சரைக்கு ஏஜெண்டுங்களை உக்கார வெச்சு மாதிரி ஓட்டு 50 போட்டு காமிச்சு, அதை அழிச்சு, சீல் வெச்சு, ஏழு மணிக்கு கதவைத் திறந்தா வெளிய ஏற்கெனவே வாக்கிங் போற பெருசுங்க நாப்பது பேர் நின்னுக்கினு "இன்னும் ஆரம்பிக்கலியா"னு சவுண்டு விடுவாங்க. கஷ்டம் தான். தெரியும்.

ஆனா எங்க ஆயா ஒரே நாள்ல மூணு வாட்டி பூத்துக்கு அலைஞ்சாங்க, அதை உங்க கிட்ட சொல்லாம வேற யார் கிட்ட சொல்றது.

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, நாடாளுமன்றத் தேர்தல், தமிழ்நாட்டுல 39 தொகுதிக்கும் ஒரே நாள்ல நடந்துச்சே, அன்னிக்கு. ஆயாவுக்கு ஆதார் கணக்குல வயசு 71, அவங்க சொந்தக் கணக்குல "எம்.ஜி.ஆரு 77ல வந்தப்போ உங்கப்பன் ஆறாங்கிளாஸ்", அதை வெச்சு நீங்களே போட்டுக்கோங்க. காசிமேட்டுல மீன் எடுத்து கூடையில வெச்சு விக்கிறவங்க. தடைக்காலம் ஏப்ரல் 15ல ஆரம்பிச்சு அன்னிக்கு அஞ்சாவது நாள், விசைப்படகு எல்லாம் கரையில கட்டிக் கிடக்கு, மொத்தம் 61 நாளைக்கு ஃபைபர் படகு மீன் மட்டும் தான், யாவாரம் படுத்துடுச்சு. அதனால அன்னிக்கு ஆயாவுக்கு நேரம் இருந்துச்சு, தலைக்கு குளிச்சு, பேரனுக்கு நிச்சயதார்த்தம் அப்போ எடுத்த பொடவையைக் கட்டி, 8 மணிக்கே கிளம்பிட்டாங்க. அவங்களுக்கு ஓட்டுன்றது ஒரு விசேஷம் மாதிரி சார். யாருக்குப் போட்டாங்கனு எங்க தாத்தா கிட்ட கூட சொன்னது இல்லையாம்.

ஓட்டர் கார்டு இல்ல. ஏன் இல்லைனா 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சே, அப்போ எங்க வீட்டுக்குள்ள இடுப்பு வரைக்கும் தண்ணி. கட்டிலுக்கு அடியில இருந்த டிரங்குப் பொட்டியில தான் எல்லாமே, வெளிய எடுத்தப்போ அது பொட்டி மாதிரியே இல்ல, சேறு கரைச்சு ஊத்தின அண்டா மாதிரி இருந்துச்சு. ஆயாவோட கார்டு பழைய காலத்து கார்டு, காகிதத்துல கறுப்பு வெள்ளை போட்டோ வெச்சு லேமினேஷன் போட்டது. அந்த லேமினேஷன் உள்ள தண்ணி பூந்து, போட்டோ கரைஞ்சு, மூஞ்சி இருந்த எடத்துல ஒரு சாம்பல் கறை, அதுக்குள்ள ஒரு சின்ன புழு செத்துக் கெடந்துச்சு. ஆதார் தபால்ல வந்த காகிதம், அது கூழாவே ஆயிடுச்சு. நம்பர் மனப்பாடம் இல்ல, ஃபோன் நம்பரும் அதுல சேர்க்கல. தப்பிச்சது ரேஷன் கார்டும் (அது எப்பவும் அம்மா பர்ஸ்ல), சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சிருந்த பேங்க் பாஸ்புக்கும் தான்.

சரி, பூத்துக்கு வர்றேன். கையில பூத் சிலிப்போட ஆயா போயிருக்காங்க. கேட்லயே ஒருத்தர் நிறுத்தியிருக்காரு. யாருனு நான் சொல்லப் போறது இல்ல, எனக்கும் தெரியாது.

"கார்டு எங்க பாட்டி?"

"கார்டு வெள்ளத்துல பூட்ச்சுபா. இந்தா சிலிப்பு, இதுல பேரு கீது பாரு."

"சிலிப்லாம் செல்லாது பாட்டி, போய் கார்டு எட்த்துனு வா."

அவ்ளோ தான் பேச்சு. ஆயா திரும்பி வந்துட்டாங்க. கவர்மெண்ட்டு ஆளு சொன்னா சொன்னது தான், எதிர்த்து கேள்வி கேக்கற தலைமுறை இல்ல அது. சந்தையில நாலு ரூபாய்க்கு நாப்பது நிமிஷம் சண்டை போடுவாங்க, யூனிஃபார்ம் இல்ல கழுத்துல அட்டை தொங்கினா வாயைத் திறக்க மாட்டாங்க.

இப்போ அந்தப் பேச்சை கொஞ்சம் பாருங்க. அவர் சொன்னதுல முதல் பாதி நிஜம். சிலிப்பை மட்டும் வெச்சு ஓட்டு போட முடியாது தான். முன்ன போட்டோ போட்ட சிலிப்பு தந்தப்போ அதுவே அடையாளமா போதும்னு இருந்துச்சு, 2019ல அதை நிறுத்திட்டாங்க, 2021லேர்ந்து சிலிப்புல போட்டோவே கிடையாது, பேரு, பாகம் எண், வரிசை எண், எந்த பூத்து, அவ்ளோ தான். ஆனா ஜனங்களுக்கு போன வாட்டி செஞ்சது தானே ஞாபகம் இருக்கும். ரெண்டாவது பாதி தான் வில்லங்கம். "கார்டு எட்த்துனு வா"னு சொல்லக் கூடாது. "கார்டோ, இல்ல வேற எதாவது ஒண்ணோ"னு சொல்லணும். ஆதார், பான், டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், பேங்க் இல்ல போஸ்ட் ஆபீஸ்ல குடுத்த போட்டோ ஒட்டின பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ இருக்கிற பென்ஷன் பேப்பர், மாற்றுத்திறனாளி அட்டை, கவர்மெண்ட் வேலை பாக்குறவங்க ஐடினு மொத்தம் 12 இருக்கு கார்டுக்குப் பதிலா காட்டுறதுக்கு. தேர்தல் கமிஷனே ஒவ்வொரு தேர்தலுக்கும் உத்தரவு போட்டு அனுப்புது, உங்க பயிற்சி வகுப்புலயும் சொல்லித் தந்திருப்பாங்க. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கேட்ல யாரும் சொல்லல.

ரெண்டாவது வாட்டி ஆயா ரேஷன் கார்டை எடுத்துக்கினு போனாங்க. நம்ம ஊர்ல எதுக்கெடுத்தாலும் ரேஷன் கார்டு தானே சார், கேஸுக்கு, பொங்கல் பரிசுக்கு, காலேஜ் சீட்டுக்கு, போலீஸ் ஸ்டேஷன்ல ஜாமீனுக்கு கூட. அதுலயும் இப்போ ஸ்மார்ட் கார்டு, போட்டோ வேற இருக்கு. ஆனா அந்த 12ல ரேஷன் கார்டு இல்ல. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இல்ல, அப்போ லிஸ்ட்ல இருந்த இன்சூரன்ஸ் அட்டை மத்திய தொழிலாளர் அமைச்சகத் திட்டத்து அட்டை, அது வேற. இதெல்லாம் ஆயாவுக்கு எப்படி தெரியும், எனக்கே அன்னிக்கு சாயங்காலம் தான் தெரியும். திரும்பவும் "இது ஆவாது பாட்டி"னு அனுப்பிட்டாங்க. சரி, ஆவாது, ரூல் படி சரி தான். ஆனா எது ஆவும்னு ஒரு வார்த்தை? மணி அப்போ பதினொன்றரை, ஏப்ரல் வெயில், எங்க தெருவுலேர்ந்து அந்த ஸ்கூல் ஒரு கிலோமீட்டருக்கு கொஞ்சம் கம்மி, ரயில்வே கேட் மூடினா அது வேற.

நான் வேலை முடிச்சு நாலு மணிக்கு வந்தப்போ ஆயா பொடவையை மாத்திட்டு நைட்டியில திண்ணையில உக்காந்து வெத்தலை போட்டுக்கினு இருந்தாங்க. விரல்ல மை இல்ல. "இன்னா ஆயா, போடலியா?"னு கேட்டா, "எனக்கு இந்த வாட்டி ஓட்டு இல்லியாம் நைனா"னாங்க. அது தான் சார் எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு. கார்டு இல்லைனு சொல்லல, ஓட்டே இல்லைனு சொன்னாங்க. கேட்ல கேட்டது அவங்க காதுல அப்படி தான் விழுந்திருக்கு.

பாஸ்புக்கை எடுத்துக்கினு, நைட்டியை மாத்த வெச்சு, பைக்ல உக்கார வெச்சு கூட்டினு போனேன். கேட்ல இப்போ வேற ஆள், பாஸ்புக்கைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, உள்ள விட்டாரு. கேட்டைத் தாண்டி உள்ள போனதும் நான் பாத்தது இது: வராண்டா சுவத்துல பெரிய போஸ்டர் ஒட்டியிருக்கு, எந்தெந்த ஆவணம் செல்லும்னு வரிசையா போட்டு. அதுக்குப் பக்கத்துலயே ஒரு டேபிள், அதுல ஒரு அம்மா வாக்காளர் பட்டியலை வெச்சுக்கினு உதவிக்குனே உக்காந்திருக்காங்க, பி.எல்.ஓ.னு சொல்ற பூத் லெவல் ஆபீசர், ஆள் வராம காத்தாட விசிறிக்கினு. ஆயாவுக்கு உதவக் கூடிய எல்லாமே இருந்துச்சு சார், ஒண்ணு குறையாம இருந்துச்சு, எல்லாமே கேட்டுக்கு உள்ள இருந்துச்சு.

ரூமுக்குள்ள நடந்ததை வெளிய இருந்து பாத்ததும் ஆயா அப்புறம் சொன்னதும் சேர்த்து சொல்றேன். முதல் டேபிள்ல ஒரு டீச்சர் பாஸ்புக்கை வாங்கி, பட்டியல்ல விரல் வெச்சு தேடி, ஆயா மூஞ்சியையும் போட்டோவையும் பாத்து, ஒரு நிமிஷம் நிறுத்தியிருக்காங்க. ஏன்னா பட்டியல்ல ஆயா பேரு "அம்மா"னு முடியுது, பாஸ்புக்ல "அம்மாள்"னு முடியுது. ஆயாவுக்கு திக்குனு ஆயிடுச்சாம், மூணாவது வாட்டியும் போச்சுடானு. அந்த டீச்சர் சிரிச்சுட்டு, "ஒரு ள் தானே பாட்டிம்மா, நீங்க தான் அது"னு சொல்லிட்டு, வரிசை எண்ணை சத்தமா படிச்சாங்களாம். ஏஜெண்டுங்க டிக் அடிச்சுக்கினாங்க. ரெண்டாவது டேபிள்ல 17ஏ ரெஜிஸ்டர்ல கைநாட்டு. நாப்பது வருஷமா மீன் செதில் சீவி சீவி ஆயாவோட கட்டை விரல்ல ரேகையே மழுங்கிப் போச்சு, அது விழுந்தது ஒரு மை உருண்டை மாதிரி தான் இருந்திருக்கும். இடது ஆள்காட்டி விரல்ல மை, பட்டன், பக்கத்துப் பொட்டியில 7 செகண்டு சின்னம் தெரிஞ்சு விழுந்துச்சு. மொத்தமே ரெண்டு நிமிஷம் இருக்குமா. இந்த ரெண்டு நிமிஷ வேலைக்குத் தான் அந்த அலைச்சல்.

அந்த டீச்சர் யாருனு தெரியாது, எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். அவங்க செஞ்சது கருணை இல்ல, அதுவும் ரூல் தான். வாக்காளர் அட்டையில சின்ன எழுத்துப் பிழை இருந்தா, ஆள் அவங்க தான்னு தெரிஞ்சா, அதைப் பெருசு பண்ணக் கூடாதுனே கமிஷன் உத்தரவு இருக்கு, அவங்க அதே நியாயத்தை பாஸ்புக்குக்கும் பாத்தாங்க.

எங்க எதிர் வீட்டு அக்காவுக்கு அது கூட கிடைக்கல. கல்யாணத்துக்கு முன்னாடி வில்லிவாக்கம் பக்கம் எடுத்த கார்டு, இங்க வந்து பேரை மாத்தி பட்டியல்ல ஏத்தியாச்சு, புது கார்டு வந்து சேரல. பழைய கார்டைக் காட்டினா "இது வேற தொகுதி"னு யாரோ வெளியவே சொல்லிட்டாங்க, அவங்களும் "சரி விடு, சோறு வடிக்கணும்"னு வந்துட்டாங்க. வேற தொகுதி கார்டா இருந்தாலும், அந்த பூத் பட்டியல்ல பேரு இருந்தா அந்த கார்டு செல்லும். செல்லும் சார்! மறுநாள் நான் சொன்னப்போ அக்கா "அட போப்பா"னு கதவை சாத்திட்டாங்க. அந்த 2024ல வட சென்னையில பதிவானது 60 சதவீதம் சொச்சம், மாநிலத்துக்கு கிட்டத்தட்ட 70. டிவியில கோட்டு போட்டவங்க உக்காந்து "சென்னை மக்களுக்கு அக்கறை இல்லை"னு பேசறப்போ எனக்கு அந்த அக்கா தான் ஞாபகம் வருவாங்க. (அப்படியும் சென்னை மூணு தொகுதியில நாங்க தான் அதிகம், தென் சென்னை, மத்திய சென்னையை விட. சும்மா சொல்லி வெச்சேன்.)

எங்க ஏரியானா உங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கும், அது எனக்குப் புரியுது. ஆர்.கே. நகர்னு சொன்னாலே 2017ல துட்டு பட்டுவாடானு தேர்தலையே நிறுத்தி டிசம்பர்ல திரும்ப நடத்தினாங்களே, அது தான் எல்லார் மண்டையிலயும் ஓடும். கள்ள ஓட்டு வந்துடுமோனு பயம். பயப்படுங்க, தப்பே இல்ல, ஆனா அந்த பயத்துக்கும் ரூல்லயே வழி வெச்சிருக்காங்களே. உள்ள உக்காந்திருக்கிற ஏஜெண்டுக்கு வந்த ஆள் மேல சந்தேகம்னா 2 ரூபா கட்டி ஆட்சேபம் பண்ணணும், தலைமை அலுவலர் அங்கயே விசாரிச்சு முடிவு சொல்லணும், ஆட்சேபம் நிக்கலைனா ஆள் போய் ஓட்டு போடலாம். 1961 ரூல் அது, அதே 2 ரூபா இன்னும் இருக்கு. உள்ள இருக்கிற ஏஜெண்டே துட்டு வெச்சு தான் எங்க ஆயாவை "நீ அவங்க தானா"னு கேக்க முடியும்னா, கேட்ல நிக்கிறவர் ஓசியில எப்படி சார் முடிவு பண்றாரு? யார் அடையாளம் பாக்கணும்னா முதல் டேபிள்ல பட்டியலோட உக்காந்திருக்கிற அலுவலர் பாக்கணும். வரிசையை ஒழுங்கு பண்றது, தகராறு வராம பாக்கறது, அது கேட் வேலை. அவங்க பேர்ல வேற ஒருத்தர் ஏற்கெனவே போட்டுட்டுப் போயிருந்தா கூட 49பி (49P) ரூல் இருக்கு, தனி வாக்குச்சீட்டு குடுத்து கவர்ல போட்டு வெக்கணும், எண்ணிக்கை அன்னிக்கு அதைப் பிரிக்க மாட்டாங்கன்றது வேற விஷயம். அந்த நிலைமையில கூட ஆளை வெறும் கையோட வீட்டுக்கு அனுப்பச் சொல்லல ரூல்.

எங்க தாத்தா காலத்துல கார்டே கிடையாது சார். டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் கமிஷனரா இருந்தப்போ 1993ல தான் போட்டோ கார்டே ஆரம்பிச்சுது, அது வரைக்கும் 52லேர்ந்து நாப்பது வருஷம் இந்த நாட்டுல ஜனங்க பேரைச் சொல்லி, ஏஜெண்டு "ஆமா நம்ம ஆளு தான்"னு தலையாட்டி, ஓட்டு போட்டாங்க. கார்டு வேணாம்னு சொல்ல வரல, கார்டு நல்லது தான், கள்ள ஓட்டு அதனால குறைஞ்சிருக்கும். ஆனா ஓட்டு இருக்கிற எடம் கார்டு இல்ல, பட்டியல். கார்டு பளபளனு கையில இருந்து பட்டியல்ல பேரு இல்லைனா உங்களால ஒண்ணும் பண்ண முடியாது, ஆதாரைக் காட்டினாலும் முடியாது. அந்த வலி தனி வலி, 2025 நவம்பர்ல வாக்காளர் பட்டியல் தீவிர திருத்தம்னு ஃபாரம் குடுத்து, டிசம்பர் 19ல வந்த வரைவுப் பட்டியல்ல மாநிலத்துல 97 லட்சத்துக்கு மேல பேரு இல்லைனு ஆச்சே, எங்க தெருவுல அன்னிக்கு ராத்திரி ஃபோன் டார்ச் அடிச்சு எல்லாரும் பேரு தேடினோம். வாடகைக்கு மாறி மாறி போற ஜனம், போர்டு வீடு இடிச்சுக் கட்டறப்போ மூணு வருஷம் வேற எங்கயோ இருந்துட்டு வர்ற ஜனம். அத்தனையும் தாண்டி பட்டியல்ல ஒட்டிக்கினு இருக்கிற ஒரு பேரை, கேட்ல வெச்சு தொலைச்சுடாதீங்கனு தான் கேக்கறேன்.

இன்னொண்ணு, ஃபோன். பசங்க எல்லாம் ஆதாரை ஃபோன்ல வெச்சிருக்கான், ஓட்டர் கார்டும் ஃபோன்லயே இறக்கலாம்னு 2021லேர்ந்து இருக்கு, ஆனா பூத்துக்குள்ள ஃபோன் கூடாது. ஃபோனை வாங்கி வெக்க வாசல்ல ஏற்பாடு பண்ணணும்னு 2025ல கமிஷன் சொல்லியிருக்கு, நல்லது, ஆனா ஃபோனைக் குடுத்துட்டா அதுக்குள்ள இருக்கிற கார்டு எங்க காட்டறது? பிரிண்ட் எடுத்துனு வரணும்னு யாராவது முந்தின நாளே மைக்ல சொன்னா தானே. குப்பை வண்டியில பாட்டு போடறீங்க, அதுலயே இதையும் சொல்லலாம். இது உங்க வேலை இல்ல, மேல சொல்லுங்க.

உங்க கையில இருக்கிறதை மட்டும் கேக்கறேன். டியூட்டி அன்னிக்கு காலையில அந்த வராண்டா போஸ்டர்ல ஒண்ணை கேட்டுக்கு வெளிய, வரிசை நிக்கிற பக்கம் ஒட்டச் சொல்லுங்க, ஸ்கூல் ஆச்சே, சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச்சும் இல்லாமயா போயிடும், பெருசா எழுதினாலும் போதும். கேட்ல நிக்கிறவர் கிட்ட ஒரு வரி சொல்லி வைங்க, "கார்டு இல்லாதவங்களை நீங்க அனுப்பாதீங்க, அந்த பி.எல்.ஓ. டேபிளுக்கு அனுப்புங்க"னு. யாரையாவது திருப்பி அனுப்பித் தான் ஆகணும்னா, வீட்டுல பாஸ்புக் இருக்கா, பான் இருக்கானு கேட்டு அனுப்புங்க. வெளிய கட்சிக்காரன் 100 மீட்டர் தள்ளி டேபிள் போட்டு, நிழல்ல உக்கார வெச்சு, "இன்னா ஆயா, சாப்ட்டியா"னு கேட்டு சிலிப்பு எழுதித் தர்றான், அவனுக்கு காரணம் இருக்கு. ஆனா கவர்மெண்ட்டு கேட்ல ஒரு வார்த்தை கூட கேக்க மாட்டேன்றாங்கன்ற மாதிரி ஆகக் கூடாது இல்ல.

ஆயாவுக்கு அப்புறம் ஃபாரம் 8 போட்டு புது கார்டு வாங்கினோம், ஸ்பீடு போஸ்ட்ல வந்துச்சு. பிளாஸ்டிக் கார்டு, தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆவாது. ஆனா அதுல இருக்கிற போட்டோ பட்டியல்ல இருந்த பழைய போட்டோவாம், நெகட்டிவ் மாதிரி கறுப்பா இருக்கு. ஆயா அதை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "இது யாருடா, உங்க தாத்தாவோட அக்கா மாதிரி கீது"னு சொல்லி அரிசி டிரம்முக்குள்ள போட்டுட்டாங்க. அடுத்த வாட்டியும் பாஸ்புக் தான் எடுத்துனு வருவாங்களாம், அது தான் ராசியாம். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வெக்கறேன் டீச்சர், அந்த பாஸ்புக்ல போட்டோ ஒரு ஓரம் பிச்சிக்கினு வந்துச்சு, நான் தான் ஃபெவிகால் வெச்சு ஒட்டினேன், பேங்க் சீல் கோடு கொஞ்சம் தள்ளி நிக்கும். சந்தேகப்படாதீங்க, மூஞ்சியைப் பாருங்க, அவங்க தான் அது.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டையிலேர்ந்து ஒரு பேரன்